தேடியும் கிடைக்காத வண்டு, இல்லாத வண்டா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். தரம் 8 இல் படிக்கும் உங்கள் மகன், சென் ஹெலினா என்ற சிறு தீவில் மட்டும் வாழ்ந்த ஒரு பெரிய நில வண்டைப் பற்றி வாசித்திருக்கிறான். அதைக் கடைசியாகக் கண்டது 1960களில் என்றும், அது 'அழிந்துபோயிருக்கலாம்' என்றும் அதில் எழுதியிருந்ததாம். அவனுக்கு இரண்டு சந்தேகம். பறக்க முடியாத வண்டு நடுக்கடல் தீவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? தீவே சின்னது, தேடியும் கிடைக்கவில்லை என்றால் 'இல்லை' என்று முடித்துவிடாமல் ஏன் 'இருக்கலாம்' என்று இழுக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. எத்தனை தரம் தேடினால் 'இல்லை' என்று சொல்லும் உரிமை வரும்? வண்டு ஆராய்பவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான். பிள்ளை நல்ல இடத்தில் பிடித்திருக்கிறான்.

நான் கொழும்பில் உயர்தர வகுப்புகளுக்கு விலங்கியல் படிப்பித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மாணவர்களோடு சேர்ந்து சதுப்பு நில ஓரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நில வண்டுகளைப் பொறிவைத்துப் பிடித்து, எண்ணி, திரும்ப விட்டு வந்திருக்கிறேன். சென் ஹெலினாவுக்கு நான் போனதில்லை. ஆகவே அந்தத் தீவைப் பற்றிச் சொல்வதெல்லாம் வாசித்து அறிந்தது; வண்டு தேடுவதைப் பற்றிச் சொல்வது சேற்றில் முழங்கால் ஊன்றி அறிந்தது. இரண்டையும் நீங்கள் வேறுவேறாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென் ஹெலினா தென் அத்திலாந்திக் கடலில் இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 120 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகரைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கக் கரை அங்கிருந்து சுமார் 1,900 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. கொழும்பிலிருந்து போபால் வரைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் கடலாகவே இருந்தால் எப்படியோ அப்படி. நெப்போலியனைக் கடைசியாக வைத்திருந்த இடம் என்பதால் தீவின் பெயர் பலருக்குத் தெரியும். நமக்கும் அதற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1900 இல், தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்தின் கைதிகளைப் பிரித்தானியர் கப்பலேற்றி அனுப்பிய இடங்களில் ஒன்று சென் ஹெலினா, இன்னொன்று நம் தியத்தலாவை.

வண்டின் அறிவியற் பெயர் அப்லோதோராக்ஸ் பேர்ச்செலி. வில்லியம் பேர்ச்செல் என்ற இயற்கையியலாளரின் நினைவாக வைத்த பெயர். 1805 முதல் 1810 வரை அவர் அந்தத் தீவில் வாழ்ந்தார். அப்புறம் தென்னாபிரிக்காவில் நெடும் பயணம் செய்தார். பேர்ச்செல் வரிக்குதிரை என்பதும் அவர் பெயரால் வந்ததுதான். இந்த வண்டு நில வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகத்தில் ஏறக்குறைய 40,000 இனங்கள் உள்ள பெருங்குடும்பம் அது. பெரும்பாலானவை இரவில் நிலத்தில் ஓடித் திரிந்து புழு பூச்சிகளை வேட்டையாடும். அதற்குள் கலோசோமா என்று ஒரு வகை இருக்கிறது. மயிர்க்கொட்டிகளைத் துரத்திப் பிடித்துத் தின்னும் பெரிய வண்டுகள். சென் ஹெலினா வண்டு அவற்றுக்கு நெருங்கிய உறவு.

இனி நிச்சயமானதற்கு வருகிறேன். அந்த வண்டு சென் ஹெலினாவில் மட்டுமே வாழ்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த அழுத்தம் ஏன் என்று கேட்டால், 'ஓர் இடத்தில் மட்டும்' என்ற சொல் எல்லா இடத்திலும் ஒரே பெறுமதி உள்ளது அல்ல. நம் நாட்டையே பாருங்கள். ஜோர்ஜ் லூயிஸ் என்ற தேயிலை வணிகர் 1881-82 இல் இலங்கை முழுக்க வண்டு சேகரித்தார். அவற்றில் நில வண்டுகளை ஹென்றி வோல்டர் பேட்ஸ் 1886 இல் விவரித்து எழுதினார். அமேசன் காட்டுப் பூச்சிகளால் பெயர் பெற்ற அதே பேட்ஸ்தான். அந்தக் காலத்து மாதிரிகளில் குத்தியிருக்கும் சிறு தாள்களில் கண்டி, நுவரெலியா, பொகவந்தலாவை என்று ஊர்கள் இருக்கும். ஓர் இனம் பொகவந்தலாவையில் மட்டும் பதிவாகியிருக்கிறது என்றால், அது அங்கு மட்டும் வாழ்கிறது என்றும் இருக்கலாம், சேகரித்தவர் தங்கிய பங்களா அங்கே இருந்தது என்றும் இருக்கலாம். அடுத்த மலையில் யாரும் கல்லைப் புரட்டிப் பார்க்காத வரை அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

சென் ஹெலினாவில் அந்தக் குழப்பம் இல்லை. இலங்கை இந்தியாவோடு நிலத்தால் ஒட்டியிருந்த காலம் உண்டு. கடல் மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் விலங்குகள் நடந்தே வந்தன. சென் ஹெலினாவோ கடலடி எரிமலை வளர்ந்து உண்டான தீவு, எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியதில்லை. மிக அருகிலுள்ள தீவான அசென்ஷனே சுமார் 1,300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. பறக்க முடியாத ஒரு பெரிய வண்டுக்கு அடுத்த வீடு என்று ஒன்றும் கிடையாது. அங்கே இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை.

அப்படியானால் போனது எப்படி? பறந்துதான் போனது. பறந்து போனது இந்த வண்டு அல்ல, இதன் மூதாதை. கலோசோமா வகையில் பல வண்டுகள் நன்றாகப் பறக்கும், இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும், காற்றில் அகப்பட்டால் நெடுந்தூரம் போகும். அந்தத் தீவு கோடி வருடத்துக்கு மேல் வயதானது. அவ்வளவு காலத்தில் ஒரே ஒரு தரம், முட்டை சுமந்த ஒரு பெண் வண்டு தப்பிக் கரை சேர்ந்தாலும் போதும். இப்படி நடந்ததை யாரும் கண்டவர் இல்லை. உறவு முறையையும் தீவின் பிறப்பையும் வைத்துச் செய்யும் ஊகம்தான். ஆனாலும் மற்ற எல்லா வழிகளையும்விட நம்பத் தகுந்த ஊகம்.

சிறகை இழந்தது ஏன் என்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தோமஸ் வேர்னன் வொலஸ்டன் என்பவர் மதேரா தீவில் வண்டுகளை ஆராய்ந்தார். அங்கு அறியப்பட்ட 550 இனங்களில் 200 பறக்க முடியாதவை என்று அவர் கண்டதை டார்வின் 1859 இல் எடுத்தாண்டார். காற்று பலமாக அடிக்கும் தீவில் அதிகம் பறக்கும் வண்டு கடலுக்குள் அடித்துச் செல்லப்படும், பறக்கத் தயங்குவது தப்பிப் பிள்ளை பெறும், தலைமுறை தலைமுறையாகச் சிறகு குன்றும் என்பது டார்வினின் விளக்கம். கேட்க அழகான விளக்கம். ஆனால் அது முழு விடை அல்ல. கடலே இல்லாத கண்டங்களின் மலை உச்சிகளிலும் பறக்காத நில வண்டுகள் நிறைய இருக்கின்றன. சிறகும் அதை இயக்கும் தசையும் வளர்ப்பது ஒரு வண்டுக்குப் பெருஞ்செலவு. இடம் மாறாமலே உணவும் துணையும் கிடைக்குமென்றால், அந்தச் செலவை மிச்சம் பிடித்து முட்டையில் போடும் வண்டுக்குத்தான் ஆதாயம். ஒரே நில வண்டு இனத்துக்குள்ளேயே நீண்ட சிறகு உள்ளதும் குட்டைச் சிறகு உள்ளதும் சேர்ந்து வாழ்வதை ஐரோப்பாவில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே காற்றும் காரணமாக இருக்கலாம், சிக்கனமும் காரணமாக இருக்கலாம். சென் ஹெலினா வண்டுக்கு எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்று வழியில்லை. அதே வொலஸ்டன் தம் கடைசிக் காலத்தில், 1875-76 இல், சென் ஹெலினாவுக்கே போய் ஆறு மாதம் தங்கினார். அத்தீவின் வண்டுகளைப் பற்றிய அவரது நூல் 1877 இல் வெளிவந்தது. நம் கொழும்பு நூதனசாலை திறந்த வருடமும் அதுதான்.

அவர் போவதற்கு முன்பே பெரும் அழிவு நடந்து முடிந்திருந்தது. போர்த்துக்கேயர் அந்தத் தீவைக் கண்டது 1502 இல். கொஞ்ச காலத்திலேயே கப்பல்காரரின் இறைச்சிக்காக ஆடுகளை இறக்கிவிட்டார்கள். அதுவரை அங்கே புல் மேயும் விலங்கு எதுவும் இருந்ததில்லை, ஆகையால் செடிகளுக்கு முள்ளும் இல்லை, கசப்பும் குறைவு. 1588 இல் அங்கு இறங்கிய தோமஸ் கவென்டிஷ், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு ஆட்டு மந்தையைக் கண்டதாக எழுதினார். முளைத்த கன்றையெல்லாம் ஆடு தின்றது, வளர்ந்த மரத்தையெல்லாம் மனிதர் விறகுக்கு வெட்டினார்கள். வடகிழக்கில் 'பெருங்காடு' என்று பெயர் பெற்றிருந்த இடம் வெறும் மண்ணானது. 1836 யூலையில் டார்வின் அங்கு தங்கியபோது மண்ணுக்குள் அழிந்துபோன நத்தைகளின் ஓடுகளைக் கண்டு, காடு போனதால் நத்தையும் போனது என்று கணித்தார். ஆடுகளோடு எலியும் வந்தது, பூனையும் வந்தது, பூரானும் வந்தது. யாழ்ப்பாணத்தில் மட்டத்தேள் என்போமே, அதன் பெரிய வகை ஒன்று.

இந்த வண்டை விளங்கிக்கொள்ள அதே தீவின் இன்னொரு பூச்சியைப் பார்க்க வேண்டும். வால் நுனியில் இடுக்கி போன்ற இரண்டு கொம்பு உள்ள பூச்சியை மகன் கண்டிருப்பான். பூச்சட்டிக்கு அடியில், ஈரமான இடத்தில் இருக்கும். அந்த வகைப் பூச்சிகளிலேயே உலகத்தில் மிகப் பெரியது, 8 சென்ரிமீற்றர் வரை நீளமானது, சென் ஹெலினாவில் வாழ்ந்தது. 1798 இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அது ஆய்வாளர்களின் கண்ணிலிருந்து மறைந்தே போனது. 1962 இல் பறவை எலும்பு தேடப் போன இருவர் அதன் காய்ந்த இடுக்கிகளைக் கண்டெடுத்தார்கள். சில வருடத்தில், 1965 முதல் 1967 வரை வந்த பெல்ஜிய ஆய்வாளர்கள், ஹோர்ஸ் பொயின்ற் என்ற வறண்ட வெளியில் கல்லுக்கு அடியில் அதை உயிரோடேயே பிடித்தார்கள். நம் நில வண்டைப் பற்றிய கடைசிச் செய்தியும் அந்த 1960களில்தான் நிற்கிறது. இடுக்கிப் பூச்சியைத் தேடி 1988 இல் லண்டன் மிருகக்காட்சிசாலை ஆட்களை அனுப்பியது, கிடைக்கவில்லை. பிறகும் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2014 இல் அது அழிந்த இனம் என்று, எந்த உயிரினம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்று பதியும் உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. கட்டடத்துக்காக அந்த வெளியின் கற்களை வாரிச் சென்றது, எலி, பூரான் என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. வண்டுக்கும் இவையே காரணம் என்று நினைப்பது நியாயம். ஆனால் எலிதான் தின்றது, பூரான்தான் தின்றது என்று கையில் பிடித்துக் காட்டும் சான்று அல்ல அது.

அந்தச் சிவப்புப் பட்டியலின் விதியை மகனுக்கு விளக்கிச் சொல்லுங்கள். கடைசி உயிரும் இறந்துவிட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது. அது வாழ்ந்த இடம், வாழக்கூடிய இடம் எல்லாவற்றிலும், அது வெளிவரும் நேரத்தில், வெளிவரும் பருவத்தில் தேடியிருக்க வேண்டும். இந்த நேரமும் பருவமும்தான் வண்டு விஷயத்தில் கழுத்தை அறுப்பது. கலோசோமா வண்டுகளில் ஓர் ஐரோப்பிய இனம் மூன்று நான்கு வருடம் கூட உயிர் வாழும். ஆனால் வருடத்தில் சில வாரங்கள்தான் மேலே நடமாடும், மற்றக் காலமெல்லாம் மண்ணுக்குள் உறங்கும். அப்படிப்பட்ட வண்டைப் பிழையான மாதத்தில் மூன்று வாரம் தேடினால் அது காலுக்கு அடியில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. சென் ஹெலினாவுக்கு 2017 வரை வழக்கமான விமான சேவையே இல்லை. கேப் டவுனிலிருந்து ஐந்தாறு நாள் கப்பலில் போக வேண்டும். நினைத்த மழைக்கு நினைத்த இரவில் போய் நிற்க வெளியூர் ஆய்வாளருக்கு முடிந்திருக்காது. தீவு சின்னதுதான், ஆனால் வண்டின் அளவில் பாருங்கள். கற்களும் செங்குத்துப் பள்ளங்களும் நிறைந்த 120 சதுர கிலோமீற்றரில் ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அடிப்பக்கம் இருக்கிறது.

இதை நான் கொழும்பிலேயே பட்டு அறிந்தேன். பல வருடத்துக்கு முன் தெஹிவளைப் பக்கத்துச் சதுப்பு ஓரத்தில் மாணவர்களோடு பொறி வைத்தோம். நாங்கள் குறிப்பாகத் தேடியது வெடிவண்டு. செம்மஞ்சளும் கறுப்புமாக இருக்கும், தொட்டால் பின்பக்கத்திலிருந்து கொதிக்கும் திரவத்தைச் சத்தத்தோடு பீச்சும் நில வண்டு அது. அதன் குஞ்சுப் புழு பிள்ளைப்பூச்சியின் முட்டையைத் தின்று வளரும், அதனால் ஈரக்கரை அதற்கு ஏற்ற இடம். பெப்ரவரியில் பத்து இரவு, வாய் மண் மட்டத்துக்கு வரப் புதைத்த பன்னிரண்டு யோகட் கப். ஒன்றும் விழவில்லை. 'இவ்விடத்தில் இல்லை' என்று அறிக்கையில் நானே எழுதினேன். ஒக்டோபரில் மழை தொடங்கி மூன்றாம் நாள், ஒரு மாணவி அதே கரையில் அழுகிய வாழைத்தண்டைப் புரட்டினாள். நாலு வெடிவண்டு ஓடின. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு 'இல்லை' என்று நான் எழுதியதில்லை. எத்தனை இரவு, எத்தனை கப், எந்த மாதம், கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன்.

அழிந்ததாக எண்ணியவை திரும்பி வந்த கதைகள் உண்டு. அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான லோர்ட் ஹவ் தீவில் 1918 இல் ஒரு கப்பல் தரைதட்டியபோது எலிகள் கரையேறின. அங்கு மட்டும் வாழ்ந்த பெரிய குச்சிப்பூச்சி சில வருடத்தில் ஒழிந்தது என்று முடிவு கட்டினார்கள். 2001 இல் அருகிலுள்ள செங்குத்துப் பாறையொன்றில், ஒரு புதருக்கு அடியில், இருபத்துச் சொச்சம் உயிரோடு இருந்தன. நம் நாட்டில் குருடியா சிலனிக்கா என்ற மரத்தை 2012 சிவப்புப் பட்டியல் அழிந்ததாக அறிவித்தது. 2019 இல் அது கம்பஹா மாவட்டத்தில் நின்றது. ஓர் உயரமான மரமே கொழும்புக்கு இவ்வளவு பக்கத்தில் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது என்றால், மண்ணுக்குள் புதையும் வண்டை யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் இந்தக் கதைகளை வைத்து மகனுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க வேண்டாம். குச்சிப்பூச்சிக்கு எலி ஏறாத பாறை ஒன்று மிஞ்சியிருந்தது. சென் ஹெலினாவில் எலி போகாத மூலை இருக்கிறதாக நான் வாசித்ததில்லை. இந்த வண்டு ஓர் அங்குலத்துக்கு மேல் பெரியது, கறுப்பு, நிலத்தில் ஓடுவது; கண்ணில் பட்டால் தீவார் ஒருவராவது கவனித்திருப்பார். அந்தத் தீவுக்கே உரிய முதுகெலும்பற்ற உயிர்கள் 400க்கு மேல் இருக்கின்றன. அவற்றைத் தேடி அண்மைக் காலத்தில் உள்ளூராரே நிறைய அலைந்திருக்கிறார்கள். உச்சி மலையின் பன்னக் காடுகளில் அரிசி அளவு நில வண்டுகள்கூடக் கண்டறியப்பட்டிருக்கின்றன. சின்னது அகப்பட்ட கைக்குப் பெரியது அகப்படவில்லை. ஆகவே என் கணிப்பு, அந்த வண்டு போய்விட்டது. இது கணிப்பு. அது அந்தத் தீவுக்கு மட்டுமே உரியது என்று மேலே சொன்னேனே, அந்த அளவு உறுதி இதில் எனக்கு இல்லை. 'இருக்கலாம்' என்று எழுதியவர் மழுப்பவில்லை, தனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் கையெழுத்திட்டிருக்கிறார்.

ஹோர்ஸ் பொயின்ற் வெளியில் 2000 ஆம் ஆண்டிலிருந்து தீவார் தங்கள் பழைய பிசின் மரத்தை மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். ஆயிரக்கணக்கான கன்றுகள். பெருங்காடு இருந்த அதே இடம். வண்டுக்கு அது பிந்திய உதவியாக இருக்கக்கூடும், ஆனால் அங்கே மிஞ்சியிருக்கும் மற்றச் சிறு உயிர்களுக்குப் பிந்தவில்லை. இதை வாசித்தபோது எனக்கு உள்ளபடி சந்தோஷமாக இருந்தது.

மகனுக்கு ஆர்வம் இருந்தால் உங்கள் வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம். ஒரு யோகட் கப்பின் அடியில் ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டு, வாய் மண் மட்டத்துக்கு வருமாறு புதைக்கச் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் காய்ந்த இலை, தண்ணீர் வேண்டாம். மேலே மழை விழாதபடி நாலு சிறு கல்லில் ஓர் ஓட்டுத்துண்டைத் தூக்கி வைக்க வேண்டும், வண்டு நுழைய ஒரு விரல் இடைவெளி விட்டு. காலையில் பள்ளிக்கூடம் போக முன் பார்த்துவிட்டு, விழுந்ததைப் படம் எடுத்து அங்கேயே விட்டுவிடட்டும். கையால் பிடிக்க வேண்டாம். வெடிவண்டு தோலில் பீச்சினால் எரியும், கறையும் சில நாள் நிற்கும். சில நேரம் ஊரிலிருந்து ஆறு வெள்ளைப் புள்ளி உள்ள பெரிய கறுப்பு வண்டு ஒன்றை யாராவது காட்டுவார்கள். அதுவும் நில வண்டுதான், அதன் அமிலம் கண்ணில் பட்டால் ஆபத்து. சரணாலயங்களுக்குள் பொறி வைக்க அனுமதி வேண்டும், ஆகவே வீட்டு நிலத்தோடு நிற்கட்டும். ஒரு பழைய கொப்பியில் திகதி, மழை பெய்ததா, என்ன விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்றும் விழாத இரவுகளையும் விடாமல் எழுத வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் எடுத்த படங்களை இங்கே போட்டால், முதுகின் கோடுகளும் கழுத்துப் பகுதியும் தெளிவாகத் தெரியும்படி மேலிருந்து எடுத்திருந்தால், எந்தக் குழு என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். இனம் எது என்று சொல்ல, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தால்தான் உண்டு.